கரணை பிடித்த கைகள்

புதுச்சேரி ஒரே ஒருமுறை கட்டப்பட்ட நகரம் அன்று. 1761ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள், பல மாத முற்றுகையால் பசித்து நலிந்திருந்த பிரெஞ்சுப் படை, ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் சரணடைந்தது. வென்றவர்கள் அவ்வூரில் குடியேற எண்ணவில்லை. கோட்டையும் மதிலும் தரைமட்டமாயின. கடற்கரையோர மாளிகைகள் வெடிமருந்துக்கும் கடப்பாரைக்கும் இரையாயின. பல பத்தாண்டுகளாகச் செங்கல் மேல் செங்கல்லாக எழுந்த ஊர், சில மாதங்களில் கற்குவியலாயிற்று.

1763இல் பாரிசில் உடன்படிக்கை ஏற்பட்டது. 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தனர். ழான் லா என்பார் ஆளுநராக வந்து நகரை மீண்டும் எழுப்பினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆணையிட்டவர் அவர் என்பது உண்மையே. ஆயினும் ஆணை சுவராகிவிடாதே! பழைய அடித்தளங்களைத் துழாவிக் கண்டு, நூல் பிடித்து, முதற்கல்லை வைத்தவர் யார்? கோட்டையைத் தகர்த்தவர்கள் அங்கு ஒன்றை மட்டும் தகர்க்க இயலாமற் போயிற்று. அது கொத்தனாரின் கைத்திறன். அந்தக் கை எஞ்சியிருந்தமையால் நகரம் மீண்டது.

அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை. எனினும் அவர்கள் தொழில் கற்ற முறையையும், கடல் கடந்து சென்று பிறர்க்குக் கற்பித்த கதையையும், இன்று அத்தொழில் நிற்கும் நிலையையும் எண்ணிப் பார்ப்பது நம் கடன்.

அரிக்கமேட்டுச் செங்கல்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் மேடு உள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, கிறித்துவ ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த செங்கற் கட்டடங்கள் வெளிப்பட்டன. ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள பண்டகசாலை ஒன்றும், செங்கல்லால் கட்டிய தொட்டிகளும் அவற்றுள் அடங்கும். ரோமாபுரியின் மதுச்சாடிகள் வந்திறங்கிய துறைமுகம் அது என்று உலகம் வியந்தது.

நம் பொருளுக்கு வேண்டிய செய்தி வேறு. அந்தச் சுவர்களிற் பல, அகழ்வாளர் வருமுன்னரே கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டிருந்தன. சுற்றுவட்டாரத்து மக்கள் அந்தச் செங்கல்லைத் தோண்டியெடுத்துத் தம் கட்டடங்களுக்குப் பயன்படுத்தியிருந்தனர். நல்ல செங்கல்லுக்கு ஆயுள் நீளம். ஒரு கட்டடம் சாய்ந்தால் மற்றொன்றில் அது இடம் பெறும். கலத்திலிட்டுக் காப்பாற்ற முடியாததும், தோண்டியெடுத்து மீட்க முடியாததும் அக்கல்லை அடுக்கத் தெரிந்த அறிவே. அது ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறினால் மட்டுமே வாழும்.

சட்டி சுமந்து கற்ற கல்வி

'கொத்து' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது கொத்தன். மரியாதை சேர்ந்தபோது கொத்தனார் ஆயிற்று. அவருக்கும் மேலே நின்று வேலை வாங்குபவர் மேஸ்திரி. இது 'மெஸ்த்ரே' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. ஆசான் என்பது அதன் பொருள். சித்தாள் என்பதோ சிறு ஆள், தூய தமிழ்ச்சொல். இம்மூன்று சொற்களும் ஒரு பாடசாலையின் மூன்று வகுப்புகள் எனலாம்.

அந்தப் பாடசாலைக்குக் கூரை கிடையாது, கரும்பலகையும் கிடையாது. சிறுவன் ஒருவன் தந்தையோடோ, மாமனோடோ, ஊர்க்கார மேஸ்திரியோடோ விடியற்காலையில் வேலையிடத்துக்குப் போவான். முதல் ஆண்டில் அவன் கையில் எவரும் கரணையைக் கொடுக்கமாட்டார்கள். செங்கல் சுமப்பான், தண்ணீர் இறைப்பான், சாந்துச் சட்டியைச் சாரத்தின் மேல் ஏற்றுவான். கஅபாவை எழுப்பியபோது இஸ்மாயீல் (அலை) கல்லெடுத்துக் கொடுக்க, இப்ராஹீம் (அலை) கட்டினார்கள் என்று நாம் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். கல்லை எடுத்துக் கொடுப்பதுதான் இத்தொழிலின் முதற்பாடம். எடுத்துக் கொடுக்கும் கை, எந்தக் கல் வெந்தது, எந்தக் கல் வேகாதது என்பதை எடையாலும் ஓசையாலும் அறியத் தொடங்கும். இரண்டு கற்களைத் தட்டினால் வெண்கலம் போல் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பதை ஒதுக்கிவிட வேண்டும்.

அடுத்த பாடம் தண்ணீர். உலர்ந்த செங்கல்லை அப்படியே வைத்தால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சாந்து பொடியாகிப் போகும். எனவே கல்லை முன்னதாகவே நனைத்து வைக்க வேண்டும். அதற்கடுத்தது இணைப்பு. கீழ் வரியின் இணைப்புக்கு நேர்மேலே மேல் வரியின் இணைப்பு வந்துவிடலாகாது. வந்தால், மழைக்காலத்தில் அந்த வழியே சுவர் பிளக்கும். இதனைத் தவிர்க்க நெடுங்கல்லும் குறுக்குக் கல்லுமாக மாற்றி மாற்றி வைப்பர். மூலையில் முக்கால் கல்லும் கால் கல்லும் வெட்டிச் சேர்ப்பர். கரணையின் ஒரே அடியில் கல்லை வேண்டிய அளவுக்கு உடைப்பதற்குள் பழகுபவனின் கட்டைவிரல் பலமுறை நசுங்கியிருக்கும்.

பின்னரே கரணை கைக்கு வரும். அப்போதும் சுவரின் நடுப்பகுதி மட்டுமே அவன் பொறுப்பு. இரு மூலைகளையும் மேஸ்திரி எழுப்பித் தருவார்; இடையில் நூல் கட்டப்படும்; நூலை ஒட்டிக் கல் வைத்துப் போவது பழகுபவன் வேலை. தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு மூலையை நேராக எழுப்பும் உரிமை பல ஆண்டுகள் கழித்தே கிட்டும். 'மூலை பிடிக்கத் தெரிந்துவிட்டது' என்று மேஸ்திரி சொல்லும் நாள்தான் அவனுக்குப் பட்டமளிப்பு நாள். அன்று முதல் அவன் கொத்தனார். ரசமட்டம், மூலைமட்டம், மட்டப்பலகை, மணியாசுக் கட்டை ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கி ஒரு பையில் இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு தனிவேலைக்குப் புறப்படுவான்.

சுண்ணாம்பும் பெண்களும்

புதுச்சேரியின் பழங்கட்டடங்கள் சிமெண்டு அறியாதவை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் நீற்றி, தண்ணீர் ஊற்றித் தாளித்து, மணலோடு சேர்த்து, மாடு இழுக்கும் கற்செக்கில் அரைத்துச் சாந்து எடுத்தனர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் அதிற் கலந்தன. மிக நுண்ணிய மேற்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்ந்தது. இந்தப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல் மெருகேற்றியதைக் கண்டு ஐரோப்பியர் வியந்தனர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகிறது. அதற்குக் காலம் வேண்டும்; அதைக் கையாள்பவருக்குப் பொறுமை வேண்டும்.

மேல்தளம் போடும் முறை தனிக் கலை. தேக்கு உத்திரங்களின் மேல் மரக்கட்டைகளை நெருக்கமாக இட்டு, சிறிய செங்கற்களைச் சாய்வு வரிசையில் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்புவர். அதைக் கட்டையால் அடித்து இறுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. வரிசையாக அமர்ந்து, ஒரே தாளத்தில், கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்துத் தெளித்து நாட்கணக்கில் அடிப்பர். அடித்த கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழ வேண்டும். அதுவரை அடி நிற்காது. எப்போது தளம் இறுகியது என்பதை முதலில் அறிந்தவை அந்தப் பெண்களின் செவியும் மணிக்கட்டுமே. ஆயினும் அவர்களை எவரும் கொத்தனார் என்று அழைக்கவில்லை. வாழ்நாள் முழுதும் அவர்கள் சித்தாளாகவே இருந்தனர். இந்தக் குறையைப் பின்னர்ப் பேசுவோம்.

கடல் கடந்த கரணை

இந்துமாக் கடலின் தென்மேற்கில் உள்ள மொரீசியசுத் தீவை டச்சுக்காரர் 1710இல் கைவிட்டுச் சென்றனர். 1715இல் பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றி 'பிரான்சுத் தீவு' என்று பெயரிட்டனர். தீவு இருந்தது, துறைமுகத்துக்கு ஏற்ற விரிகுடா இருந்தது, கட்டுவதற்குக் கை இல்லை. பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியை நோக்கியது. லெனுவார் என்பார் புதுச்சேரியின் ஆளுநராக இருந்த காலம் அது. 1729ஆம் ஆண்டில் நம் கரையிலிருந்து கைவினைஞர்கள் அத்தீவுக்குக் கப்பலேறினர். கொத்தர்களும் தச்சர்களும் கொல்லர்களும் அவர்களுள் இருந்தனர்.

1735இல் மாஹே தெ லபூர்தொனே அத்தீவின் ஆளுநராக வந்தார். பின்னர் 1746இல் கப்பற்படையோடு வந்து சென்னையைக் கைப்பற்றியவரும் இவரே. போர்ட் லூயிஸ் என்னும் நகரை அவர் எழுப்பத் தொடங்கியபோது, மேலும் பல கைவினைஞர்கள் புதுச்சேரியிலிருந்து சென்றனர். பண்டகசாலைகள், மருத்துவமனை, நீர்க்கால்வாய், கப்பல் பழுதுபார்க்கும் துறை எனப் பலவும் சில ஆண்டுகளுக்குள் எழுந்தன. கடலிற் கிடைத்த பவளப்பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினர். அன்று எழுந்த இராணுவ மருத்துவமனையின் கட்டடம் இன்றும் போர்ட் லூயிசில் நிற்கிறது. அந்நாளில் பிரெஞ்சுக்காரர் தமிழரை 'மலபார்' என்று அழைத்தனர். அவர்கள் வாழ்ந்த பகுதி 'மலபார்களின் முகாம்' என்று பெயர் பெற்றது.

இதில் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. வேலை மிகுதி, கட்டத் தெரிந்தவர் சிலர். எனவே மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டிருந்த அடிமைகளைத் தொழில் தெரிந்தவர்களிடம் பழகுநராக ஒப்படைத்தார் லபூர்தொனே. கொத்து வேலையையும் தச்சு வேலையையும் அவர்கள் கற்றனர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆனால் நூல் நேராக இருக்கிறதா, குண்டு அசைகிறதா என்பதைச் சொல்ல மொழி எதற்கு? கை காட்டிற்று, கண் கற்றது.

அந்தக் கல்வி அடிமையின் விலங்கை அறுக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. கற்ற அடிமை விலை மிகுந்த அடிமையானான், அவ்வளவே. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்தும் அந்நாளில் மனிதர்கள் அடிமைகளாக ஏற்றப்பட்டனர் என்பது நாம் வெட்கத்தோடு நினைவிற் கொள்ள வேண்டிய உண்மை. 1835 பிப்ரவரி முதல் நாள்தான் மொரீசியசில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. தொழிலைக் கற்பது வேறு. தொழிலாளி மதிக்கப்படுவது வேறு. இரண்டும் ஒருங்கே நிகழும்போதுதான் அது அறமாகும்.

அதே நகரில் கப்பல் தொழிலாளரான லஸ்கர் முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதியில், 1805ஆம் ஆண்டில் தீவின் முதற் பள்ளிவாசல் எழுந்தது. இந்தியக் கரையிலிருந்து சென்றவர்கள் தொழுவதற்கு ஒரு சுவரும் கிப்லாவும் அங்கே கிடைத்தன.

முல்லா வீதியும் கோல்கொண்டாவும்

புதுச்சேரியில் தமிழர் பகுதியின் தென்பாகத்தில் நம்மவர் வாழும் வீதிகள் உள்ளன. முல்லா வீதி, காஜியார் வீதி, குத்பாப் பள்ளி ஆகியவற்றை அறியாதவர் அவ்வூரில் இல்லை. அங்குள்ள பழைய வீடுகளின் தடித்த சுவர்களும், வளைவு வைத்த வாசல்களும், காற்றோட்டமான முற்றங்களும் அந்தச் சுண்ணாம்புக் கொத்தனார்களின் கைவண்ணமே. மதீனாவில் பள்ளிவாசல் சுடாத மண் கல்லாலும் பேரீச்ச மரத்தாலும் எழுந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தம் தோழர்களோடு கல் சுமந்தார்கள். கல் சுமப்பது இழிதொழில் அன்று என்பதற்கு அதனினும் மேலான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் தொழிலின் போக்கு மாறியது. சிமெண்டும் இரும்புக் கம்பியும் வந்தன. அதற்கும் புதுச்சேரியே ஒரு பாடசாலையாயிற்று. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' என்னும் விடுதியின் வேலை 1937இல் தொடங்கியது. செக்கு நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் அதன் வரைவாளர். ஜார்ஜ் நகஷிமா என்னும் ஜப்பானிய வழி அமெரிக்கரும், பிரான்டிசெக் சாமர் என்னும் செக்கு நாட்டவரும் வேலையை நேரில் நின்று நடத்தினர். ஹைதராபாத் சமஸ்தானத்தின் தலைமை அமைச்சராயிருந்த சர் அக்பர் ஹைதரி வழியாக நிஜாமின் நன்கொடை கிடைத்தமையால், அங்குள்ள கோட்டையின் பெயர் இதற்கு வாய்த்தது என்பர். கான்கிரீட் என்னும் சொல்லையே அறியாதிருந்தவர்கள் அந்த வேலையிடத்தில் அதைக் கற்றனர். ஆசிரமவாசிகளும் கூலிக்கு வந்தோரும் ஒன்றாக உழைத்தனர். ஒவ்வொரு கருவிக்கும் கணக்கு வைக்கப்பட்டது. வளைந்த ஆணிகள் நிமிர்த்தப்பட்டு மீண்டும் பயன்பட்டன. விரைவைவிடச் செம்மை பெரிதெனக் கொண்ட வேலையாதலால் பல ஆண்டுகள் நீடித்தது. புதிய பொருள் வந்தாலும் பழைய ஒழுக்கம் போகவேண்டியதில்லை என்பதற்கு அக்கட்டடமே சான்று.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நிகழவில்லை. சிமெண்டு விரைவில் இறுகும். வேலையும் விரைவாக முடியும். சுண்ணாம்புச் செக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. செக்கு நின்றபோது அதைச் சுற்றியிருந்த கல்வியும் நின்றது. தந்தைக்குத் தெரிந்த பக்குவம் மகனுக்குத் தெரியவில்லை.

சரிந்த சுவர் சொல்லும் பாடம்

2014 நவம்பர் 29ஆம் நாள், அடைமழையில், கடற்கரைச் சாலையிலிருந்த 'மேரி' என்னும் பழைய நகராட்சிக் கட்டடம் சரிந்து விழுந்தது. 1870களில் எழுந்த அழகிய கட்டடம் அது. பின்னர் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரியதே. எனினும் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. சுண்ணாம்புச் சுவரின் விரிசலைச் சிமெண்டால் அடைத்தால், சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். பழைய வீட்டைக் காக்க எண்ணிச் செய்யும் வேலையே அதற்குப் பகையாகிவிடும். இதை அறிந்த கொத்தனார் உடனிருந்தால் ஒரு வீட்டின் ஆயுள் இரண்டு தலைமுறை கூடும்.

இந்த உண்மையை உணர்ந்தவர்கள் இல்லாமலில்லை. 1984இல் நிறுவப்பட்ட 'இன்டாக்' என்னும் மரபுரிமை அமைப்பின் புதுச்சேரிக் கிளை, பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் பணியில் ஈடுபட்டது. வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளும் திண்ணைகளும் அவ்வாறு பழைய பொலிவைப் பெற்றன. அந்த வேலைக்கென்று கொத்தனார்கள் சுண்ணாம்புப் பக்குவத்தை மீண்டும் பழக வேண்டியிருந்தது. முதிய கொத்தனார் நினைவில் வைத்திருந்ததை இளையவர் கையில் வாங்கினர். அருகிலுள்ள ஆரோவில்லில் 1989 முதல் இயங்கிவரும் மண் கட்டடக் கலை நிறுவனம், மண்ணோடு சிறிதளவு சிமெண்டு சேர்த்து அழுத்திய சுடாத கற்களால் வளைவுகளையும் கவிகைகளையும் கட்டும் வித்தையைக் கற்பிக்கிறது. பல நாட்டு மாணவர் அங்கு வந்து மண்ணைப் பிசைகின்றனர். பட்டம் பெற்ற பொறியாளரும் அங்கே கரணை பிடித்துத்தான் தொடங்க வேண்டும்.

யார் கற்பார்? யார் கற்பிப்பார்?

1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் நாட்டில் உள்ளது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்து வேலைக்கென்று பாடப்பிரிவும் உண்டு. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் நல வாரியத்துக்கு வழி செய்தது. ஆயினும் நம் ஊர்களில் இத்தொழிலைக் கற்பவர் பெரும்பாலோர் இன்றும் சட்டி சுமந்தே கற்கின்றனர். அவர்கள் கற்றதற்குச் சான்றிதழ் ஏதுமில்லை. அதே இளைஞன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக விரும்பினால் செய்முறைத் தேர்வில் தேறவேண்டும். அங்கே அவன் கைக்கு ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. சொந்த ஊரிலோ அவனைத் தினக்கூலி என்ற ஒரே சொல்லால் அடக்கிவிடுகிறோம்.

அவனுக்கேனும் சில ஆண்டுகளில் கரணை கிடைக்கிறது. அவனோடு அதே நாளில் வேலைக்கு வந்த பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. இருபது ஆண்டு சாந்து கலந்தவள், கலவையின் பதத்தை விரலால் தொட்டே சொல்ல வல்லவள், இறுதிவரை சித்தாள். கூலியும் சித்தாள் கூலியே. தளம் இறுகியதை ஓசையால் அறிந்த மரபில் வந்தவளுக்குத் தூக்குக் குண்டு விளங்காதா? கற்பிக்காமல் விட்டுவிட்டு, அவளுக்கு வராது என்று சொல்வது நீதியாகாது.

நம் இல்லங்களில் மகன் மருத்துவனாக வேண்டும், பொறியாளனாக வேண்டும் என்று துஆச் செய்கிறோம். நல்லதே. பொறியாளன் தாளில் வரையும் கோட்டை மண்ணில் சுவராக்குபவன் ஒருவன் வேண்டாமா? அவன் நேர்மையாகக் கற்றவனாக இருந்தால்தானே அந்த வீட்டில் நம் பேரப்பிள்ளைகள் அச்சமின்றி உறங்க முடியும்? பள்ளிவாசலுக்கு மினாரா எழுப்பும்போது ஜமாஅத்தார் வசூலுக்கும் வரைபடத்துக்கும் செலுத்தும் கவனத்தில் ஒரு பங்கை, அவ்வேலையில் நான்கு இளைஞர்களைப் பழகுநராகச் சேர்ப்பதிலும் செலுத்தலாம். பழைய சுண்ணாம்புப் பள்ளியைப் பழுதுபார்க்கும்போது, அந்தப் பக்குவம் அறிந்த முதியவரைத் தேடியழைத்து, அவர் அருகே இளையவர் இருவரை நிறுத்தலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, மனம் வேண்டும்.

1761இல் பீரங்கிகள் புதுச்சேரியின் சுவர்களை வென்றன. சில ஆண்டுகளில் சுவர்கள் மீண்டும் எழுந்தன. ஏனெனில் கைகள் இருந்தன. கைகளை வெல்லப் பீரங்கி தேவையில்லை. ஒரு தலைமுறை கற்பிக்காமல் இருந்துவிட்டால் போதும். அடுத்த இடிபாட்டுக்குப் பின் கற்குவியலைச் சுற்றி நாம் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அந்த நாள் வராமற் காப்பது, மூலை பிடிக்கத் தெரிந்த ஒவ்வொரு கொத்தனாரின் பக்கத்திலும் கல்லெடுத்துக் கொடுக்கும் ஒரு சின்னஞ்சிறு கை இருப்பதில் அடங்கியிருக்கிறது.